இடம்

தட்டின் பாதியில் உருளைக்கிழங்கு மசியல் அப்படியே இருக்க
முள்கரண்டியைக் கீழே வைக்கிறார் லெம்பி ஹௌதலா.
"இன்னிக்கும் கஞ்சத்தனம்தான் சமையல்காரனுக்கு."
நான் தட்டை அரைவட்டம் திருப்புகிறேன்.
"ஆங், இப்பத்தான் கொண்டு வர்றாங்களா?"

கண்ணில் கோளாறு எதுவும் இல்லை.
மூளையின் வலப்புறத்தில் அடைத்த ஒரு ரத்தக்கட்டி,
மிளகளவு,
போகும்போது இடப்புறத்தைக் கையோடு கொண்டுபோய்விட்டது.
அந்தப் பக்கம் அவருக்கு இருட்டு என்று நினைக்காதீர்கள்;
இருட்டென்றால் விளக்கைத் தேடுவாரே.
அவருக்கு இடம் இல்லை. அவ்வளவுதான்.
சீப்பு வகிடோடு நின்றுவிடும்.
சட்டையின் ஒரு கை முதுகுக்குப் பின்னால் தொங்க
"ஆச்சு, போலாமா?" என்பார்.

முதல் நாள் கேட்டேன், திரும்ப எதைச் செய்ய ஆசை என்று.
கேட்டே ஆக வேண்டும்;
அந்தக் கட்டத்தை நிரப்பாமல்
கணினி அடுத்த பக்கத்துக்கு விடாது.
பல் தேய்க்க, தனியாகக் கழிப்பறை போக,
பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்கள்,
எனக்கு வேண்டிய பதில் எதுவென்று தெரிந்துகொண்டு.
லெம்பி சொன்னார்: "சீட்டுப் போடணும்.
நாலு பேருக்கு."
நான் எழுதினேன்:
மேல்சட்டை அணிதல், குறைந்தபட்ச உதவியுடன்.

ஆனாலும் வியாழக்கிழமை மூன்று மணிக்கு
ஏரி தெரியும் ஜன்னலோரம் மேசை போட்டேன்.
வழுக்காத நீல ரப்பர் விரிப்பு, அதன்மேல் சீட்டுக்கட்டு.
வலக்கையால் ஒவ்வொன்றாய் உருவிப் போடுகிறார்.
எதிரே இர்மா. வலப்பக்கம் டெல்பர்ட்.
இடப்பக்கம் கிளாரன்ஸ் ப்ரோடர்,
இரும்புத்தாதுக் கப்பல்களில் முப்பது வருஷம் சமைத்தவர்,
இடுப்பெலும்பு முறிந்து இங்கே வந்தவர்.
அவருக்கு மட்டும் சீட்டு வரவே இல்லை.

மேசையின் இடது விளிம்பில் சிவப்பு நாடா ஒட்டினேன்.
லெம்பியின் இடது மணிக்கட்டில் சிறுமணி கட்டினேன்.
"இடப்பக்கம், லெம்பி" என்று சொல்லிச் சொல்லி
என் குரலே எனக்குக் கசந்தது.
"பாத்தேனே" என்பார்.
அதில் பொய்யும் இல்லை.
கிளாரன்ஸ் மூன்று வாரம் வெறுங்கையோடு உட்கார்ந்து
மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தார்.
ஒருமுறை முனகினார்:
"சாவு அறிவிப்புல என் பேரு வந்துடுச்சா,
யாராவது பாத்துச் சொல்லுங்க."

நான்காம் வாரம் காப்பீட்டுக் கம்பெனியின் கடிதம்:
போதிய முன்னேற்றம் இல்லை, சனிக்கிழமையோடு நிறுத்தம்.
போன மாதம் பக்கத்து அறைக்கு வந்த கடிதம்:
போதிய முன்னேற்றம் ஏற்பட்டுவிட்டதால், நிறுத்தம்.
மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மேசைக்குப் போனேன்.

வெளியே பனி.
சீட்டுகளை விரிப்பில் பரப்பி
ஒற்றைக்கையால் குழப்பிச் சேர்க்கிறார் லெம்பி.
இர்மாவுக்கு ஒன்று. டெல்பர்ட்டுக்கு ஒன்று. தனக்கு ஒன்று.
கிளாரன்ஸ் விரல்முட்டியால் மேசையைத் தட்டினார்.
"டிரைவரம்மா, வண்டியைத் திருப்பப்போறீங்க.
இடது கண்ணாடியப் பாத்தீங்களா?"

இருபத்தாறு வருஷம் துலூத்தின் செங்குத்துத் தெருக்களில்
பள்ளிப் பேருந்து ஓட்டியவர்.
கோப்பில் இருந்தது. படித்திருந்தேன்.
எனக்குத் தோன்றவில்லை.

தாடை முதலில் அசைந்தது. பிறகு கழுத்து.
பிறகு கண், மெதுவாக,
சிவப்பு நாடாவரை, அதையும் தாண்டி
ஒரு சட்டைப் பொத்தான், ஒரு மோவாய்.
"அட, நீ எப்ப ஏறின?"
சீட்டொன்று கிளாரன்ஸின் முன்னால் விழுந்தது.
அடுத்த சுற்றில் மறந்தார். அதற்கடுத்ததில் போட்டார்.
கடைசியில் எல்லோர் கையிலும் ஐந்து,
கிளாரன்ஸ் கையில் மூன்று.
அந்த மூன்றை வைத்தே அவர் ஜெயித்தார் என்று எழுத ஆசைதான்.
படுதோல்வி.

மாலை படிவத்தில் பதிந்தேன்:
இடப்பக்கம் திரும்புதல், ஐந்தில் மூன்று முறை,
வாய்மொழியாக உணர்த்திய பின்.
உணர்த்தியது யார் என்று கேட்க அங்கே கட்டமில்லை.
மேல்முறையீட்டுக்கு நாளை நண்பகல்வரை நேரம்,
கடிதத்தின் அடியில், பொடி எழுத்தில்.
எண்ணை அழுத்திவிட்டுக் காத்திருப்பு இசையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நடைவழியில் சக்கர நாற்காலி சுவரை உரசும் சத்தம்.
நின்றது.
"கண்ணாடி, கண்ணாடி" என்று
யாரோ தன்னையே திட்டிக்கொள்வது கேட்டது.
பிறகு சக்கரம் உருண்டது,
உரசாமல் கொஞ்ச தூரம்.